"வீட்டுல வச்சு நல்லா பாத்துக்கோங்க"

நீளமான த்ரெட். வீட்டுல 70 வயசு தாண்டினவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. இல்லன்னாலும் படிங்க, நீங்களும் ஒருநாள் அந்த வயசுக்கு வருவீங்க.

போன மாசம் ஒரு சாயங்காலம். வெளியே சாரல், கிளினிக்ல கூட்டம் கம்மி. ஐம்பது வயசு மதிக்கத்தக்க அம்மா ஒருத்தங்க வந்தாங்க. கீழப்பாவூர் பக்கம் கிராமம். (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) தலை சுத்துது, பின் மண்டை வலிக்குதுன்னாங்க. பிரஷர் பாத்தா 210/120.

"ஏம்மா, மாத்திரை போடலையா?"

"ரெண்டு மாசமா வாங்கப் போகல சார்."

"ஏன்?"

"எங்க அம்மைய விட்டுட்டு எங்க சார் போவ? இன்னைக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைய உக்கார வச்சிட்டு ஓடி வந்திருக்கேன். சீக்கிரம் விட்டிருங்க."

அம்மாவுக்கு 81 வயசு. 14 மாசத்துக்கு முன்னாடி பக்கவாதம், வலது பக்கம் முழுக்க விழுந்துடுச்சு. ஒரு ஆஸ்பத்திரியில 9 நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க. டிஸ்சார்ஜ் பேப்பரைக் கொண்டு வந்திருந்தாங்க, வாங்கிப் பாத்தேன். நாலு மாத்திரை. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வரச் சொல்லி ஒரு தேதி. வாய்மொழியா ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பியிருக்காங்க: "வீட்டுல வச்சு நல்லா பாத்துக்கோங்க."

எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. அந்த வாக்கியத்தை நானே நூத்துக்கணக்கான தடவை சொல்லியிருக்கேன். சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருக்கேன். அதனால இந்தப் பதிவுல முதல் குற்றவாளி நான்தான், அதை வச்சுக்கிட்டே மேல படிங்க.

"நல்லா பாத்துக்கோங்க"ன்னா என்னன்னு ஒரு தடவை பிரிச்சுப் பாப்போம். படுத்த படுக்கையா இருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும். ராத்திரியும்தான். இல்லன்னா இடுப்பு எலும்புக்கு மேல தோல் கன்னிப்போகும், அப்புறம் புண், அப்புறம் எலும்பு தெரியும். சாப்பாடு குடுக்கும்போது நிமித்தி உக்கார வைக்கணும், படுக்க வச்சு ஊட்டினா நுரையீரலுக்குள்ள போயி நிமோனியா. மூத்திரக் குழாய் போட்டிருந்தா அதை எப்ப மாத்தணும், யார் மாத்துவா? கை கால் விறைக்காம இருக்க தினமும் பயிற்சி குடுக்கணும். மலச்சிக்கல், வாய் சுத்தம், மாத்திரை நேரம், துணி அலசுறது.

ஆஸ்பத்திரியில இந்த வேலையை மூணு ஷிப்ட் நர்சுங்க, ஆயாம்மா, பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் சேர்ந்து செய்வாங்க. சம்பளம், வார லீவு எல்லாம் உண்டு. வீட்டுக்கு அனுப்பின அடுத்த நிமிஷம் அத்தனை வேலையும் ஒரே ஒரு பொம்பளை தலையில. பயிற்சி பூஜ்யம், சம்பளம் பூஜ்யம், லீவு கிடையாது.

அந்த அம்மா பீடி சுத்துறவங்க. முன்னாடி ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துவாங்களாம். "இப்ப முன்னூறு ஓடினா பெருசு சார். தட்டை மடியில வச்சதும் கூப்பிட்டிருவா." ஒரு அண்ணன் திருப்பூர்ல, தம்பி துபாய்ல. ரெண்டு பேரும் பணம் அனுப்புறாங்க, பொய் சொல்லக்கூடாது. ஊர்ல கேட்டா "மகனுங்க நல்லா பாக்காவ"ன்னு சொல்றாங்களாம்.

நம்ம ஊர்ப் பேச்சுல இந்த 'பாக்குறது'ங்கிற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? மகன் பாக்கான்னா பணம் அனுப்புதான்னு அர்த்தம். மகளோ மருமகளோ பாக்கான்னா பீ மூத்திரம் அள்ளுதான்னு அர்த்தம். ஊர் மெச்சுறது முதல் ஆளை.

சரி, இனிமே வர்றதுதான் எனக்குக் கோபம் வந்த இடம்.

"மக்களைத் தேடி மருத்துவம் ஆளு உங்க தெருவுக்கு வர்றாங்களா?"ன்னு கேட்டேன். "பக்கத்துத் தெருவுக்கு ஒரு பிள்ளை வரும் சார், பிரஷர் மாத்திரை குடுக்கும். எங்க பேரு அதுல இல்லல்லா." ஏன் இல்லன்னா, இவங்க கட்டிக் குடுத்த ஊர் வேற. அம்மாவைப் பாக்க வந்து பிறந்த வீட்டுல தங்கினவங்க. கணக்கெடுக்க வந்தப்போ இவங்க இங்க இல்ல. அதுக்கப்புறம் இவங்களும் கேக்கல, யாரும் இவங்ககிட்ட வந்தும் கேக்கல.

அதாவது, எந்த மாத்திரை வாங்கப் போக முடியாம இவங்க பிரஷர் 210 ஆச்சோ, அந்த மாத்திரை 100 அடி தள்ளி வீடு தேடி வந்துட்டுப் போகுது. அந்தத் திட்டத்துலயே படுக்கையில இருக்கிறவங்களுக்கு பிசியோதெரபியும், நோய் ஆதரவுச் சிகிச்சை நர்சும் வீட்டுக்கு வரணும்னு இருக்கு. 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்குத் தொடங்கின திட்டம். 14 மாசமா ஒருத்தரும் இவங்களுக்கு அதைச் சொல்லல. டிஸ்சார்ஜ் பண்ணின டாக்டர் சொல்லல, மருந்துக்கடை சொல்லல, பணம் அனுப்புற தம்பிக்கும் தெரியாது. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அவங்க அம்மாவோட மாத்திரைச் சீட்டை மாத்தி எழுத என்கிட்ட வந்திருக்காங்க. நானும் சொல்லல.

நம்ம ஊர்ல உதவியே இல்லன்னு நான் சொல்ல வரல. இருக்கு. ஆனா ஏழு கதவுக்குப் பின்னாடி இருக்கு, எந்தக் கதவுக்கு மேலயும் பேர்ப்பலகை இல்ல.

பாருங்க. முதியோர் உதவித்தொகை மாசம் 1,200 ரூபாய், அது வருவாய்த் துறை. இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சு தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார்கிட்ட போகணும். கடுமையான ஊனம்னா மாசம் 2,000, சக்கர நாற்காலி, அது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. பிள்ளைங்க கவனிக்கலன்னா ஜீவனாம்சம் கேக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ், தென்காசியில ஒண்ணு, சங்கரன்கோவில்ல ஒண்ணு. அதுக்கு மனு எழுத உதவ வேண்டியது மாவட்ட சமூக நல அலுவலர். பிசியோவும் நர்சும் சுகாதாரத் துறை, ஆரம்ப சுகாதார நிலையம். ரேஷன் வீட்டுக்கே வர்றது 2025 ஆகஸ்ட்ல வந்த தாயுமானவர் திட்டம், அது கூட்டுறவு, உணவுத் துறை பக்கம். காப்பீட்டு அட்டை இன்னொரு ஜன்னல்.

இத்தனை ஜன்னலுக்கும் அலைய வேண்டிய ஆள் யாரு? ரெண்டு மணி நேரத்துக்கு மேல வீட்டை விட்டு வெளியே வர முடியாத அந்த ஒரே ஆள். இதை யோசிச்சு வடிவமைச்சவங்க யாருமே ஒரு படுக்கை நோயாளியை ஒரு வாரம் பாத்திருக்க மாட்டாங்க. பாத்திருந்தா இப்படி வச்சிருக்க முடியாது.

உடனே கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும்: "பெத்தவங்களைப் பாக்கத் துப்பில்லாதவனுக்கு அரசாங்கம் ஏன் செலவு பண்ணணும்?" "அந்தக் காலத்துல யாரு நர்ஸ் வச்சா?"

அந்தக் காலத்துல 81 வயசு வரைக்கும் பக்கவாதத்தோட யாரும் 14 மாசம் இருக்கல சார். அதுதான் விஷயம். அன்னைக்கு ஒரு வாரத்துல முடிஞ்சிடும். இன்னைக்கு நாங்க டாக்டருங்க காப்பாத்துறோம். காப்பாத்தி, யார்கிட்ட ஒப்படைக்கிறோம்னு பாக்குறதில்ல. அன்னைக்கு வீட்டுல ஏழு பிள்ளைங்க, நாலு மதினி, ரெண்டு சித்தி. இன்னைக்கு ரெண்டு பிள்ளை, ரெண்டும் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிப் போயாச்சு. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க நூத்துக்கு 10 பேர் சொச்சம். மத்திய அரசு கணிப்புப்படி 2031-ல 18 பேர். குடும்பத்துல கை குறையுது, கட்டில் கூடுது. இதுல பாசத்தைப் பத்திப் பாடம் எடுத்து என்ன ஆகப் போகுது? பாசம் இல்லாமலா அந்த அம்மா தன் மாத்திரையை விட்டுட்டு உக்காந்திருந்தாங்க?

இன்னொரு விஷயம் சொல்றேன், எழுதவே கை வரல. நம்ம பக்கத்து மாவட்டம் விருதுநகர். மதுரை, விருதுநகர் சுத்துவட்டாரத்துல தலைக்கூத்தல்னு ஒண்ணு நடக்குறதா 2010 வாக்குல நாளிதழ்கள்ல எல்லாம் வந்துச்சு. தேசிய விருது வாங்கின 'பாரம்' படம் அதைப் பத்தினதுதான். எப்படிச் செய்வாங்கன்னு இங்க எழுத மாட்டேன். அது கொலை, அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா அதைச் செஞ்சவங்களை அரக்கர்கள்னு திட்டிட்டு நம்ம கையைக் கழுவிக்கிறது ரொம்பச் சுலபம். மாசக்கணக்கா தூங்காம, ஒரு நாள்கூட மாத்தி விட ஆள் இல்லாம, புண்ணு நாத்தத்தோட ஒரே அறையில ஒரு குடும்பத்தை அடைச்சு வச்சுட்டு, அப்புறம் அங்க என்ன நடக்குதுன்னு ஆச்சரியப்படுறோம். என் கிளினிக்ல எத்தனை பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு "எப்ப சார் போகும்?"னு கேட்டிருக்காங்க தெரியுமா? அவங்க கெட்டவங்க இல்ல. களைச்சுப் போனவங்க.

சட்டம் என்ன சொல்லுது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. இதைப் பத்தி வாட்ஸப்ல வர்றதெல்லாம் ஒரே விஷயம்தான்: பிள்ளை பாக்கலன்னா ஜெயில், எழுதிக் குடுத்த சொத்தைத் திருப்பி வாங்கலாம். உண்மைதான். 23-வது பிரிவு அது. 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் ஒரு அம்மா மகனுக்கு எழுதிக் குடுத்த தானப் பத்திரத்தை ரத்து பண்ணினது சரின்னு சொல்லியிருக்கு. மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் வாங்கலாம், வக்கீல் தேவையில்ல, 90 நாளுக்குள்ள முடிக்கணும், காரணம் எழுதி வச்சா இன்னொரு 30 நாள்.

ஆனா அதே சட்டத்துல 19, 20-ன்னு ரெண்டு பிரிவு இருக்கு. அதை யாரும் பார்வர்டு பண்றதில்ல. ஏன்னா அது பிள்ளைங்களுக்கு இல்ல, அரசாங்கத்துக்கு.

19: ஆதரவில்லாத முதியவங்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்துலயும் குறைஞ்சது ஒண்ணுன்னு ஆரம்பிச்சு, 150 பேர் தங்குற மாதிரி இல்லம் அரசு அமைக்க'லாம்'. அந்த 'லாம்'ல தொங்கிக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் ஓடிப்போச்சு. 20: இதுல 'லாம்' கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில முதியவங்களுக்கு முடிஞ்ச அளவு படுக்கை, தனி வரிசை, ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலயும் முதியோர் மருத்துவத்துல அனுபவம் உள்ள ஒரு டாக்டர் தலைமையில தனி வசதி, இதையெல்லாம் அரசு உறுதிசெய்யணும். 2018 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் மாவட்ட வாரியா எத்தனை முதியோர் இல்லம், என்னென்ன மருத்துவ வசதின்னு கணக்கெடுக்கச் சொல்லி, இந்தச் சட்டத்தை ஜனங்களுக்குத் தெரியப்படுத்தவும் சொல்லிச்சு.

தெரியப்படுத்தினாங்களா? உங்க அப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ முதியோருக்குத் தனி வரிசை எங்கன்னு கேட்டிருக்கீங்களா? அப்படி ஒண்ணு கேக்கலாம்னே எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளைங்க கடமைக்கு ஜெயில் தண்டனை, அரசாங்கத்தோட கடமைக்கு 'லாம்'. இந்தச் சட்டத்தை மேடையில பேசுறவங்க பாதியை மட்டும் பேசுறதை நிறுத்தணும்.

இதே தமிழ்நாடுதான் முதியோர் மருத்துவத்துல இந்தியாவுக்கே வழி காட்டினது, அதையும் சொல்லணும். டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை மருத்துவக் கல்லூரியில 1978-ல முதியோர் பிரிவு ஆரம்பிச்சப்போ நாட்டுல வேற எங்கயும் இப்படி ஒண்ணு கிடையாது. கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில திறந்தாச்சு. மக்களைத் தேடி மருத்துவத்துக்கு 2024-ல ஐ.நா. விருது கிடைச்சுது, அதுக்குத் தகுதியான திட்டம்தான். ஆனா தென்காசியிலிருந்து கிண்டிக்கு ஒரு ராத்திரி ரயில். அந்த அம்மாவுக்கு கீழப்பாவூரிலிருந்து தென்காசி வர்றதே ஒரு யுத்தம்.

2025-26 பட்ஜெட்ல 25 அன்புச்சோலை மையம், 10 கோடி ரூபாய்னு அறிவிச்சாங்க. பகல்ல முதியவங்களை விட்டுட்டு வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் கூட்டிட்டு வரலாம். அருமையான யோசனை, பாராட்டுறேன். ஆனா மாவட்டம் 38, மையம் 25. அதுவும் பெரிய நகரங்களைக் கணக்குல வச்சு. நம்ம மாவட்டத்துல ஒரு மாநகராட்சி கூட கிடையாது. இங்க பீடித்தட்டும் வயக்காடும்தான் வேலைத்தலம், பகல் மையம் ரொம்பத் தேவைப்படுறதும் இங்கதான்.

வீட்டுக்கு வர்ற பிசியோவுக்கும் இதே கதை. வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு நோய் ஆதரவு நர்ஸ். நம்ம மாவட்டத்துல 10 வட்டாரம். குருவிகுளம் வட்டாரத்துல எத்தனை கிராமம், எவ்வளவு தூரம்னு போய்ப் பாத்தவங்களுக்குத் தெரியும். அந்த நர்சைக் குறை சொல்லாதீங்க. ஒரு ஆளால அவ்வளவுதான் முடியும். பெட்ரோல் செலவுக்கே அவங்க படுற பாட்டை எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க சொல்லி அழுதிருக்காங்க.

இன்னொரு வேடிக்கை. வேடிக்கையா இது? தெரியல. உயிருக்கு ஆபத்துன்னா 108 வரும். ஆஸ்பத்திரியில இறந்துட்டா 155377-க்குப் போன் பண்ணினா இலவச அமரர் ஊர்தி வீடு வரைக்கும் கொண்டு வந்து விடும். நல்ல சேவை, நிறைய ஏழைக் குடும்பத்தோட மானத்தைக் காப்பாத்தியிருக்கு. ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல, உயிரோட இருக்கிற ஒரு ஆச்சியை மாசத்துக்கு ஒரு தடவை மூத்திரக் குழாய் மாத்தக் கூட்டிட்டுப் போக வண்டி கிடையாது. ஆட்டோவுல படுக்க வைக்க முடியாது. தனியார் ஆம்புலன்ஸுக்குக் குடுக்குற காசுல அவங்க ஒரு மாச உதவித்தொகை போயிடும்.

நம்ம ஊரைத் தேடி சீசனுக்கு எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க. குற்றாலத்துல குளிச்சா உடம்பு தேறும்னு ஐந்தருவியில வரிசையில நிக்கிறாங்க. அருவியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்ல, ரெண்டு வருஷமா தலைக்குக் குளிக்காத ஆச்சிகளை நான் பாத்திருக்கேன். தண்ணி இல்லாம இல்ல. தூக்கிக் குளிப்பாட்ட இன்னொரு ஆள் இல்லாம.

"வேற எங்க சார் செய்றாங்க?"ன்னு கேப்பீங்க. புளியரை செக்போஸ்ட் தாண்டிப் பாருங்க. செங்கோட்டை 1956 அக்டோபர் 31 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த ஊர்தான். இந்தப் பக்கம் வந்ததுல நமக்குச் சந்தோஷம், அது வேற பேச்சு. ஆனா மலைக்கு அந்தப் பக்கம் 1993-ல கோழிக்கோட்டுல ஒரு சின்ன வலி நிவாரண கிளினிக்கா ஆரம்பிச்சது, ஊர் ஊரா தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்ந்து, 2008-ல அரசுக் கொள்கையாவே ஆச்சு. இன்னைக்குப் பஞ்சாயத்துப் பணத்துல நர்ஸ் வீட்டுக்கு வர்றாங்க. புண்ணுக்கு மருந்து கட்டுறாங்க, குழாய் மாத்துறாங்க, கூட வர்ற உள்ளூர்த் தன்னார்வலர் அரிசி இருக்கான்னு பாக்குறாங்க. படுக்கை நோயாளியைப் பாத்துக்குறவங்களுக்குன்னே 'ஆஸ்வாசகிரணம்'னு மாசம் 600 ரூபாய் ஒரு திட்டம் வச்சிருக்காங்க. 600 ரூபாய் ஒரு தொகையான்னு கேக்கலாம். அதுவும் மாசக்கணக்குல பாக்கி விழுந்து ஜனங்க கேள்வி கேட்டதும் உண்டு. ஆனாலும் ஒரு அரசாங்கப் பேரேட்டுல 'பாத்துக்குறவர்'னு ஒரு ஆளுக்குப் பேர் விழுந்திருக்கு பாருங்க, அது சின்ன விஷயம் இல்ல. நம்ம பக்கம் நோயாளி மட்டும்தான் கணக்குல வர்றாங்க.

ஜப்பான்ல 2000-த்துலயே நீண்டகாலப் பராமரிப்புக்குன்னு தனிக் காப்பீடு. 40 வயசுலிருந்து எல்லாரும் கட்டணும். 2006-லிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆதரவு மையம், அங்க போனா யார் என்ன உதவி குடுப்பாங்கன்னு அவங்களே ஏற்பாடு பண்ணுவாங்க. அமெரிக்காவுல 1991-லிருந்து ஒரு போன் நம்பர், உங்க பின்கோடைச் சொன்னா பக்கத்துல இருக்கிற சேவையைச் சொல்வாங்க. அவ்வளவு பணம் நம்மகிட்ட இல்ல, ஒத்துக்குறேன். ஆனா தேடுற வேலையைக் குடும்பத்து தலையிலிருந்து எடுக்குறதுக்குப் பெரிய பணம் தேவையில்ல. அது ஒரு ஆள், ஒரு மேஜை, ஒரு போன்.

பணம் இருந்தா மட்டும் எல்லாம் சரியாயிடுதான்னா அதுவும் இல்ல. ஏஜென்சி மூலமா 'ஹோம் நர்ஸ்' வைக்கிறவங்க வீட்டுக்கும் போறேன். பாதிப் பேருக்கு நர்சிங் படிப்பே கிடையாது. பாவம், பத்து நாள் பயிற்சி குடுத்து அனுப்பி, அவங்க சம்பளத்துலயும் ஒரு பங்கை ஏஜென்சி எடுத்துக்குது. துபாய்ல இருக்கிற மகன் கேமரா வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கார். கேமராவுல புண்ணு தெரியாது. முதியோர் இல்லம் தேடுறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன்: தோட்டத்தையும் பூஜை அறையையும் பாத்து மயங்காதீங்க. பதிவுச் சான்று இருக்கான்னு கேளுங்க, ராத்திரி எத்தனை ஆள் டூட்டியில இருக்காங்கன்னு கேளுங்க, படுக்கையில விழுந்துட்டா வச்சுப் பாப்பீங்களா இல்ல திருப்பி அனுப்புவீங்களான்னு கேளுங்க. மூணாவது கேள்விக்குப் பதில் இழுத்தா எழுந்து வந்துடுங்க.

மறதி நோய் இருக்கிற வீட்டு நிலைமை இதை விட மோசம். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு. பார்க்கின்சன் பேர் சொல்லி இருக்கு. டிமென்ஷியா பேர் சொல்லி இல்ல. நடக்குறாரு, சாப்பிடுறாரு, அப்புறம் என்ன ஊனம்னு கேக்குறாங்க. ராத்திரி மூணு மணிக்குக் கதவைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போறவரைப் பிடிக்க ஓடுற மருமகளைக் கேட்டா தெரியும். அந்தச் சட்டத்துலயே, அதிக ஆதரவு தேவைப்படுறவங்களுக்குப் பராமரிப்பாளர் படி குடுக்கணும்னு 24-வது பிரிவுல ஒரு வரி இருக்கு. அதைக் கேட்டு வாங்க ஊனச் சான்று வேணும், சான்றுக்கு அவரைக் கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கணும். ஒரு தடவை கூட்டிட்டுப் போனவங்க ரெண்டாவது தடவை போக மாட்டாங்க.

(நடுவுல ஒரு டாக்டர் வேலை: நல்லா இருந்த பெரியவர் ரெண்டு மூணு நாளுக்குள்ள திடீர்னு குழம்பிப் பேசினா, அது மறதி நோய் இல்ல, "வயசாயிட்டா அப்படித்தான்" இல்ல. மூத்திரத் தொற்று, உப்புச்சத்து குறைவு, நிமோனியா, புது மாத்திரை, எது வேணாலும் இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க.)

நம்பிக்கைக்கு ஒண்ணு சொல்றேன். ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கே, அது 1981-ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் அவர்கள் இளம் வயசுல கழுத்துக்குக் கீழ செயல் இழந்தவர். வீட்டுல படுத்துக் கிடன்னு ஊர் சொல்ல வேண்டிய ஆளு, ஒரு ஊரையே மாத்திக் காட்டினார். 2020-ல பத்மஸ்ரீ. அது மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு, முதியோருக்கானது இல்ல. ஆனா கிராமத்துல வீடு தேடிப் போய்ப் பயிற்சி குடுக்குறதும், குடும்பத்துக்குக் கத்துக் குடுக்குறதும் தென்காசி மண்ணுல முடியாத காரியம்னு இனி எவரும் என்கிட்ட சொல்லாதீங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல.

மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில ஒரு மேஜை. படுக்கையா வீட்டுக்குப் போற ஒவ்வொரு நோயாளிக்கும் டிஸ்சார்ஜுக்கு முன்னாடி அந்த மேஜையிலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போகணும், உதவித்தொகை மனு போகணும், பாத்துக்கப் போறவங்க பேரும் பிரஷரும் அந்தப் பேப்பர்ல ஏறணும். ஆமா, பாத்துக்குறவங்க பிரஷர். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலயும் நாலே நாலு கட்டில், வருஷத்துக்கு ரெண்டு வாரம் நோயாளியை அங்க விட்டுட்டு வீட்டுல இருக்கிறவங்க தூங்கட்டும், ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகட்டும், தனக்கு வேண்டிய ஆபரேஷனைப் பண்ணிக்கட்டும். குடலிறக்கத்தையும் கர்ப்பப்பை இறக்கத்தையும் "அம்மா போன பிறகு பாத்துக்குறேன் சார்"னு தள்ளிப் போட்டவங்க லிஸ்ட் என்கிட்டயே பெருசா இருக்கு.

சக டாக்டருங்களுக்கு: அரசாங்கம் மேஜை போடுற வரைக்கும் நம்ம கையில ஒரு சீல் இருக்கு, ஒரு பேப்பர் இருக்கு. நான் இப்ப அரைப் பக்கம் அச்சடிச்சு பிரிஸ்கிரிப்ஷனோட பின் பண்ணிக் குடுக்குறேன். 150 ரூபாய் செலவு.

அதுல இருக்கிறது இவ்வளவுதான், நீங்களும் எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டுங்க. 14567, மூத்த குடிமக்கள் உதவி எண், காலை 8 முதல் ராத்திரி 8 வரைக்கும், இலவசம். எந்தத் துறைன்னு தெரியாதப்போ முதல்ல இங்க பேசுங்க. உடம்பு சம்பந்தமா சந்தேகம்னா 104. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் "எங்க வீட்டுல படுக்கை நோயாளி இருக்கு, மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் சேருங்க"ன்னு சொல்லுங்க, மாத்திரைன்னு மட்டும் சொல்லாதீங்க, பிசியோவும் நர்சும் வேணும்னு வாய் விட்டுக் கேளுங்க. எந்த மனுவா இருந்தாலும் எழுத்துல குடுத்து ரசீது வாங்குங்க. நடக்கலன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். பென்ஷன்காரங்க உயிரோட இருக்கோம்னு காட்ட ஸ்ட்ரெச்சர்ல போக வேண்டாம், தபால்காரரைக் கேட்டா வீட்டுக்கே வந்து டிஜிட்டல் சான்று எடுப்பார்.

வெளியூர், வெளிநாடு அண்ணன் தம்பிமாருக்கு: இந்தப் போன் எல்லாம் துபாய்லயும் திருப்பூர்லயும் இருந்துக்கிட்டே விசாரிக்கலாம், மனுவையும் தயார் பண்ணலாம். பணத்தோட அந்த வேலையையும் நீங்க எடுத்துக்கோங்க. லீவுக்கு வரும்போது 15 நாளும் ராத்திரி முறை உங்களோடது. அக்கா தங்கச்சி தூங்கட்டும்.

அந்த அம்மா கதைக்கு வர்றேன். அன்னைக்கே ஊசி போட்டு, மாத்திரை குடுத்து, சுகாதார நிலையத்துக்கு நானே போன் பண்ணினேன். ஆறாவது நாள் நர்ஸ் வீட்டுக்குப் போனாங்க. புண்ணு ரெண்டாம் நிலையில இருந்திருக்கு, இன்னும் ஆறுற நிலைமைதான். பிசியோ பையன் மாசம் ரெண்டு தடவை வரேன்னு சொல்லியிருக்கான், இதுவரை ஒரு தடவை வந்துட்டான். திருப்பூர் அண்ணனை அடுத்த மாசம் பத்து நாள் வரச் சொல்லி நான் போன்ல பேசினேன், கொஞ்சம் சூடாவே. பாக்குறேன்னார். நேத்து அந்த அம்மா பிரஷர் 150/90.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆலங்குளம், சிவகிரி பக்கம் இருக்கிறவங்க: உங்க ஊர்ல வீட்டுக்கு வர்ற பிசியோ, ஏர் பெட்டும் சக்கர நாற்காலியும் இரவல் தர்ற சங்கம், ஜமாத், சர்ச், கோவில் குழு, படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போக நியாயமான வாடகைக்கு வர்ற வண்டி, எது தெரிஞ்சாலும் எனக்கு மெசேஜ் அனுப்புங்க. தனி ஆள் நம்பரைப் பொதுவுல போடாதீங்க. நான் ஒவ்வொண்ணா பேசிச் சரிபாத்து, தாலுகா வாரியா தொகுத்து இந்த த்ரெட்டுக்குக் கீழயே போடுறேன். ஆலங்குளம் தாலுகாவுக்கு இதுவரை என்கிட்ட ரெண்டே ரெண்டு பேர்தான் இருக்கு.